பின்பக்கம் தெரு உண்டா?

ஷ்யாம்சுந்தர் பெருங்களத்தூரைத் தாண்டி மூன்று வருடங்களாகிவிட்டன. ஜெயிலில் இருப்பவனுக்குக்கூட பரோல் உண்டு; இவனுக்கு அதுவும் இல்லை. வடக்கே பல்லாவரம் சந்தை, கிழக்கே மேடவாக்கம் கூட்ரோடு, மேற்கே முடிச்சூர், தெற்கே பெருங்களத்தூர் பாலம். இந்த நான்கு எல்லைக்குள்ளே கோவில் காளை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான். பாலத்தடியில் நின்றுகொண்டு தெற்கே போகிற பஸ்களை அவன் பார்க்கிற பார்வையைக் கண்டு, பாவம், டிக்கெட் இல்லாமலே ஏற்றிக்கொள்ளலாமா என்று கண்டக்டர்களே யோசித்திருக்கிறார்கள்.

அவனைக் கட்டிப்போட்டிருந்தது ஒரு ஒயர். அதுவும் மஞ்சள் நிறத்தில், நூடுல்ஸ் பருமனில்.

சேலையூரில், சர்ச்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு மாடி வீட்டில் டாக்டர் அபிதகுஜாம்பாள் எக்ஸ்ரே படிக்கும் நிலையம் ஒன்று நடத்திவந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் எலும்புகளைப் பார்த்துப் பார்த்தே ஓய்வுபெற்ற அம்மாள். எதிரில் வருகிற மனிதரின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது. தோள்பட்டை எலும்பைப் பார்த்து அடையாளம் சொல்லிவிடுவார். திட்டக்குடி, சங்கராபுரம், செய்யாறு என்று சின்ன ஊர்களில் எக்ஸ்ரே மெஷின் இருக்கும், படத்தைப் பார்த்துச் சொல்ல டாக்டர் இருக்கமாட்டார். அந்தப் படங்கள் நெட் வழியாகச் சேலையூருக்கு வரும். டாக்டரம்மா பார்த்துச் சொல்ல, உதவியாளர் கிறிஸ்டினா டைப் அடித்து அனுப்புவாள். அங்கே மாமரத்திலிருந்து விழுந்தவன் 'அம்மா' என்று முழுசாகக் கத்தி முடிப்பதற்குள், எந்த எலும்பு எங்கே உடைந்தது என்று இங்கிருந்து ரிப்போர்ட் போய்விடும்.

நெட் இருந்தால்.

தாம்பரத்துப் பக்கத்தில் நெட் என்பது விருந்தாளி மாதிரி. வரும், போகும், ஏன் போனாய் என்று கேட்க முடியாது. மழைநீர் வடிகால் தோண்டினால் போகும். தோண்டிய பள்ளத்தை மூடினாலும் போகும். அணில் கடித்தால் போகும். கவுன்சிலர் பிறந்தநாளுக்குப் பேனர் கட்டினால் போகும். அதற்காக, அங்கே கம்ப்யூட்டர், நெட் எல்லாம் பார்த்துக்கொள்கிற ஷ்யாம்சுந்தர் இரண்டு கம்பெனிகளிடம் லைன் வாங்கி வைத்திருந்தான். ஒன்று போனால் ஒயரைப் பிடுங்கி மற்றதில் செருகவேண்டும். செருகினால் மட்டும் போதாது. லைன் மாறியதும் ஆபீசின் விலாசமே மாறிவிடும். இன்டர்நெட்டில் ஒவ்வொருவருக்கும் எண்ணால் ஆன ஒரு விலாசம் உண்டு, அதைக் கொடுப்பது லைன்காரன். புது விலாசத்திலிருந்து போய்க் கதவைத் தட்டினால் ஆஸ்பத்திரி மெஷின்கள் 'நீ யார், தெரியாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செல்போன் நெட்டில் போனாலும் அதே கதிதான். ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டு, நாங்கள்தான் அய்யா, பழைய ஆட்கள்தான், வீடு மாறியிருக்கிறோம் என்று கெஞ்சித் திறக்கவைக்கவேண்டும்.

இந்தப் பிடுங்குகிற, செருகுகிற, கெஞ்சுகிற வேலைக்குப் பெயர் ஷ்யாம்சுந்தர். தூங்கும்போதும் கையில் போன். குளிக்கும்போது சோப்புப்பெட்டியில் போன். மனைவி ஸ்நேகா சாதம் போடும்போது மூன்றாவது கைக்கும் ஒரு தட்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாள்.

மகள் ஸ்ம்ருதிக்குக் காதுகுத்து, விழுப்புரத்தில் ஸ்நேகாவின் பிறந்தவீட்டில் நடந்தது. அப்பாக்காரன் சேலையூரில் இருந்தபடி வீடியோவில் கலந்துகொண்டான். ஆசாரி ஊசியை எடுத்தார், குழந்தை வாயைத் திறந்தது, அந்த நொடியில் லைன் போனது. ஆபீஸ் திரையில் குழந்தையின் வாய் அடுப்புப் போலத் திறந்தபடியே நின்றுவிட்டது. மகளின் படம் அலறிக்கொண்டிருக்க, ஷ்யாம்சுந்தர் அதன் அடியில் குனிந்து ஒயரை மாற்றிக்கொண்டிருந்தான். இதை ஸ்நேகா சண்டையில் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் தேவலை.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ஆபீசுக்கென்று சொந்தமாக ஒரு விலாசம் வாங்குவது. லைன்காரன் கொடுக்கிற வாடகை விலாசம் இல்லை, சொந்தம். இரண்டு கம்பெனிகளும் உலகத்துக்கு ஒரே குரலில் 'இந்த விலாசத்துக்குப் போகவேண்டுமா, என் வழியாக வா' என்று கூவவேண்டும். ஒன்றின் தொண்டை கட்டினால் மற்றது தொடர்ந்து கூவும். வருகிறவன் தானாக அந்த வழியில் வந்துவிடுவான். விலாசம் ஒன்று, வாசல் இரண்டு. யாரும் ஒயரைப் பிடுங்கவேண்டாம், யாரும் கெஞ்சவேண்டாம். ஷ்யாம்சுந்தர் விழுப்புரம் என்ன, விசாகப்பட்டினமே போகலாம்.

டாக்டரம்மா ஒரே வார்த்தையில் சரி என்றார். கம்பெனிகள்தான் முறுக்கிக்கொண்டன. நாங்கள் இருக்கும்போது அவன் எதற்கு என்று முதல் கம்பெனி கேட்டது. அதையே இன்னும் கொஞ்சம் மரியாதைக் குறைவாக இரண்டாவது கம்பெனி கேட்டது. ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள், எல்லாம் இவன் மூலம்தான். முகூர்த்தத்தன்று சண்டை போட்டுக்கொண்ட இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் மாலையும் கழுத்துமாக நிற்கிற மாப்பிள்ளை போல ஆறு மாதம் நின்றான். அந்த ஆறு மாதத்தில் அவன் தலையில் நரைத்த முடியை மட்டும் தனியாக எடுத்தால் ஒரு தலையணை தைக்கலாம்.

ஒருவழியாகச் சம்பந்திகள் இறங்கிவந்தபோது, லைன் இழுக்க வந்தவன் காலேப். முதல் கம்பெனி அனுப்பிய ஆளும் அவன், இரண்டாம் கம்பெனி அனுப்பிய ஆளும் அவன். ஷ்யாம்சுந்தர் சந்தேகத்தோடு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். வீட்டுக்கு எதிரே ஒரு கம்பம். பிரசவ வார்டு மாதிரி அதில் ஒயர்கள் குவிந்திருந்தன. இரண்டு கம்பெனி ஒயர்களும் அதில்தான் தொங்கின.

"காலேப், ரெண்டும் ஒரே கம்பத்துலயா வருது?"

"பின்ன, ஒண்ணொண்ணுக்கும் ஒரு கம்பமா நடுவாங்க? ரெண்டு கம்பெனிக்கும் இங்க நான்தான் சார் ஆளு. கம்பமும் ஒண்ணு, ஏணியும் ஒண்ணு."

"இந்தக் கம்பம் விழுந்தா?"

"இது ஏன் சார் விழப்போவுது. ஒயருங்கதான் அத்தப் புடிச்சிக்கினு கீது."

அன்றிலிருந்து ஷ்யாம்சுந்தருக்கு ஒரு வியாதி பிடித்தது. எந்த வீட்டுக்குப் போனாலும், காப்பி வாங்கிக்கொள்வதற்கு முன், "பின்பக்கம் தெரு உண்டா?" என்று கேட்பான். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூடக் கேட்டான். செத்தவரின் மகன் பின்பக்கம் சாக்கடை என்று பதில் சொன்னான்.

டாக்டரம்மா வீட்டின் பின்பக்கம் சர்ச் வளாகம். அதைத் தாண்டி ஒரு தெரு, அதில் வேறு கம்பம், வேறு வழியாக வரும் ஒயர். வளாகத்தின் சுவர் ஓரமாக இழுத்துவிட்டால் காரியம் முடிந்தது. சர்ச் செயலாளர் ஞானையா மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கல்யாணப் படத்தில் ஒயர் தெரியக்கூடாது. அந்த சர்ச்சில் கல்யாணம் செய்கிற ஜோடிகள் அந்தச் சுவர் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்வார்கள், மணப்பெண்ணின் தலையிலிருந்து ஒயர் கிளம்பிப் போவதுபோல ஒரு ஆல்பத்தை அவர் வாழ்நாளில் பார்க்க விரும்பவில்லை. காலேப் காகிதப்பூச் செடிக்குள் புகுந்து, முள்ளில் சட்டை கிழிய, பூவுக்குள்ளேயே ஒயரைக் கொண்டுவந்தான். இறங்கியபோது அவனே மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தான்.

ஆக, முன்வாசல் லைன் ஹாலில் ஒரு பெட்டிக்கு வந்தது. பின்வாசல் லைன் சமையலறையில் ஒரு பெட்டிக்கு வந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் உயிர், சிவப்பு என்றால் இல்லை. ஷ்யாம்சுந்தர் எல்லாரையும் கூட்டிவைத்து, முன்வாசல் ஒயரைப் பிடுங்கிக் காட்டினான். படங்கள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. செருகிவிட்டுப் பின்வாசலைப் பிடுங்கினான். அப்போதும் வந்தன. கிறிஸ்டினா கைதட்டினாள். டாக்டரம்மா ஒயரின் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய், இதற்குள் என்னதான் ஓடுகிறது என்று கேட்டார். வெளிச்சம், டாக்டரம்மா, வெறும் வெளிச்சம், என்றான் அவன், தானே அதை ஊதி ஏற்றியது போன்ற பெருமையுடன்.

ஸ்நேகாவிடம் போய்ச் சொன்னபோது அவள் தோசை திருப்பியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டாள். அவளுடைய தம்பி பிரணவ், விழுப்புரத்தில் பல் ஆஸ்பத்திரி திறக்கிறான். விஜயதசமி காலையில் மாமாதான் குத்துவிளக்கு ஏற்றவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அதே ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்நேகாவுக்கு டீச்சர் வேலை தயாராக இருந்தது. ஒரு மாதமாக அந்தத் தலைமையாசிரியை பதில் கேட்டுக்கொண்டிருந்தார். விஜயதசமிக்குள் சொல்கிறேன் என்று இவள் தள்ளிப்போட்டிருந்தாள்.

ஆயுதபூஜை அன்று மத்தியானம், வீட்டைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டபின் அவள் சொன்னாள்:

"இன்னிக்குப் போன் வந்து நீங்க நடுவுல இறங்கினா, நான் கோவிச்சுக்கமாட்டேன். அந்த ஸ்கூலுக்கு வரேன்னு சொல்லிடுவேன். நானும் ஸ்ம்ருதியும் அங்கேயே இருந்துக்கறோம். ஆபீசுக்கு ரெண்டு லைன் போட்டீங்க. வீட்டுக்கு ஒண்ணுகூட இல்ல."

குரலில் சூடே இல்லை. ஆறின காப்பி மாதிரி இருந்தது.

ரயிலில் இடம் கிடைக்கவில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் ஏற முயன்ற ஒரு கொசுவே திரும்பிவந்துவிட்டதாகப் பேச்சு. கிளாம்பாக்கம் போய் அங்கே விழுப்புரம் பஸ் பிடிக்கலாம் என்று தாம்பரத்தில் ஒரு டவுன் பஸ் ஏறினார்கள். பஸ்ஸின் நெற்றியில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று; கண்ணாடி முழுக்கச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பஸ் என்று சொல்வதைவிடக் கல்யாண மண்டபம் நகர்கிறது என்று சொல்லலாம்.

இரும்புலியூர் வரை நகர்ந்தது. பெருங்களத்தூர் பாலம் கண்ணில் பட்டதும் நின்றது. அப்படியே நின்றது. மெட்ராஸே காலியாகி அந்த ரோட்டில் வந்து நிற்கிறதோ என்று தோன்றியது. திருஷ்டிக்கு உடைத்த பூசணிக்காய்களின் மேல் பைக்குகள் வழுக்கின. வானம் கறுத்து, பெய்யாமல், புழுங்கிக்கொண்டிருந்தது. பொரி மூட்டை ஒன்று பிரிந்து பஸ் முழுக்கச் சிந்தியதில், ஸ்ம்ருதி கைக்கு எட்டியதையெல்லாம் பொறுக்கித் தின்றாள். முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் இந்த நிறுத்தத்திலேயே தன் மகளுக்கு வரன் பேசி முடித்துவிட்டார். ஜாதகப் பரிமாற்றம்தான் பாக்கி.

"அப்பா, இன்னும் தாம்பரம்தானா?" என்று கேட்டாள் ஸ்ம்ருதி.

"அந்தப் பாலம் தாண்டினா தாம்பரம் இல்ல," என்றான் அவன்.

போன் அடித்தது.

ஸ்நேகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா எடுத்த எடுப்பில், "ஷ்யாம், பதறாத. ரெண்டும் போயிடுச்சு," என்றார்.

இரண்டும் போக வழியே இல்லை. அவன் அதை வாய்விட்டே சொன்னான். முன்தெரு வேறு, பின்தெரு வேறு, கம்பம் வேறு, கம்பெனி வேறு. டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, இரண்டு பெட்டியிலும் சிவப்பு விளக்கு எரிவதாகச் சொன்னார். திட்டக்குடியில் ஒருவன், லாரி மேல் ஏறி வாழைக்கன்று கட்டும்போது விழுந்து, கழுத்தை அசைக்க முடியாமல் படுத்திருக்கிறான். கழுத்தெலும்பு சரியாக இருக்கிறதென்று யாராவது சொன்னால்தான் அவனைப் புரட்டவே முடியும். போனில் படம்பிடித்து அனுப்பச் சொன்னால் எலும்பு எது, விரல்ரேகை எது என்று தெரியவில்லை.

ஷ்யாம்சுந்தர் காலேப்பைக் கூப்பிட்டான். காலேப் ரொம்ப வருத்தப்பட்டான்.

"ஏணிக்குப் பூஜை போட்டாச்சு சார். நாளைக்குத்தான் தொடணும்."

"நீதான் சர்ச்சுக்குப் போறவனாச்சே."

"நான் போறவன்தான் சார். ஏணி பாட்னரோடது. அவன் மால போட்டு மூலையில சாத்திட்டான். இப்ப எடுத்தா ஊட்டாண்ட வந்து பேஜார் பண்ணுவான்."

ஷ்யாம்சுந்தர் போனைப் பார்த்தான். பாலத்தைப் பார்த்தான். இறங்கி எதிர்த்திசையில் நடந்தால் தாம்பரம், அங்கிருந்து ஆட்டோ, சேலையூர். கால்கள் எழுந்துவிட்டன. உடம்பு பின்னாலேயே போயிற்று. கூட்டத்தைப் பிளந்துகொண்டு படிக்கட்டுக்கு வந்து, ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டான். திரும்பிப் பார்த்தால் ஸ்நேகா அழவில்லை, தடுக்கவில்லை. அவன் பையிலிருந்து ஸ்ம்ருதியின் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிரிவினை என்பது இவ்வளவு சின்னச் சாமானில் தொடங்கும் போலிருக்கிறது. முன்னால் போனால் ஒருவன் கழுத்து, பின்னால் போனால் தன் கழுத்து. முன்னும் பின்னும் போகாத பஸ்ஸில், ஒற்றைக்காலில், ஷ்யாம்சுந்தர் கொக்கு மாதிரி நின்றான்.

"எறங்குறதுன்னா எறங்கு சார், இல்ல உள்ள வா. நடுவுல நின்னுகினு இன்னா ரோசனை?" என்று கண்டக்டர் அவனை ஒதுக்கிவிட்டு, படியில் தொங்கிக்கொண்டே பஸ்ஸின் பக்கக் கண்ணாடியை எட்டிப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் கத்தினார். "இன்னாபா, இந்தக் கண்ணாடிக்கும் பொட்டு வச்சிக்கீறாங்க? பின்னால இன்னா வர்துன்னே உனக்கு எப்டித் தெரியுது?"

"தெரில. அதான் நின்னுகினு கீறேன்," என்றார் டிரைவர். "பூஜை போட்டவன் டிப்போகாரன். வண்டிக்குக் கண்ணு எது, நெத்தி எதுன்னு அவனுக்கு இன்னா தெரியும்? தொடச்சி வுடு."

கண்டக்டர் டிக்கெட் கிழித்த விரலால் கண்ணாடியின் நடுவிலிருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். ஸ்நேகா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, ஸ்ம்ருதியை முன்சீட்டுப் பெரியவர் மடியில் உட்காரவைத்துவிட்டு, கூட்டத்துக்குள் கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க."

அவன் கொடுத்தான்.

"டாக்டரம்மா, ஸ்நேகா பேசறேன். ஆபீஸ்ல பூஜை போட்டாச்சா?"

டாக்டரம்மாவின் குரல் மலர்ந்தது. திட்டக்குடிக் கழுத்தைக் கொஞ்ச நேரம் மறந்தேவிட்டார். அமோகமாகப் போட்டாகிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அத்தனை வருடம் எக்ஸ்ரே மெஷினுக்கே அவர்தான் பொட்டு வைத்தது. இங்கே வேலையை நிறுத்த முடியாதே என்றுதான் ஒவ்வொரு வருடமும் பெட்டிகளைத் தொடாமல் விட்டது. இந்த வருடம் அந்தக் குறையும் இல்லை. முதலில் முன்வாசல் பெட்டியைக் கழற்றி அம்பாள் முன் வைத்து, பொட்டிட்டு, கற்பூரம் காட்டி, திரும்ப மாட்டியாகிவிட்டது. அவ்வளவு நேரமும் படங்கள் பின்வாசல் வழியாக வந்துகொண்டே இருந்தன. ஷ்யாம் சொன்னது சொன்னபடி. அவனை அங்கேயே மனசுக்குள் ஆசீர்வாதம் செய்தார். ஒன்றுக்கு வைத்து மற்றதை விட்டால் அது மனத்தாங்கல் படுமே என்று, உடனே பின்வாசல் பெட்டியைக் கழற்றினார். அப்போதுதான் எல்லாம் நின்றது.

"பொட்டு எங்கெங்க வச்சீங்க, டாக்டரம்மா?"

"எல்லாத்துக்கும்தாம்மா. கம்ப்யூட்டர், பிரின்டர், பெட்டி, கிறிஸ்டினாவோட மூக்குக்கண்ணாடி."

"அந்த மஞ்சள் ஒயருக்கு?"

"அதுக்கு இல்லாமயா? ரெண்டுக்கும் நுனியிலதான் வச்சேன், நல்லாக் குழைச்சு. அதுலதான் வெளிச்சம் வருதுன்னு உன் வீட்டுக்காரர் சொல்லியிருக்காரே. வெளிச்சம் வர்ற இடத்துக்கு வைக்காம வேற எங்க வைக்கறது?"

ஸ்நேகா போனைக் காதிலிருந்து எடுத்துப் புருஷனைப் பார்த்தாள். ஷ்யாம்சுந்தர் கண்ணை மூடிக்கொண்டான். ஆறு மாதம். இரண்டு கம்பெனி, இரண்டு தெரு, இரண்டு கம்பம், காகிதப்பூ முள். உலகத்தில் உள்ள அத்தனை அணிலுக்கும், அத்தனை பொக்லைனுக்கும் பதில் வைத்திருந்தான். சந்தனத்துக்கு வைக்கவில்லை. திரும்ப மாட்டிய முதலாவது சிவப்பா பச்சையா என்று பார்க்காமல் இரண்டாவதைக் கழற்றக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கவும் இல்லை. இரண்டாவது இருக்கிறது என்கிற தைரியத்தில்தானே முதலாவதைக் கழற்றினார்கள்? ஒற்றை லைனாக இருந்திருந்தால் டாக்டரம்மா அதைத் தூரத்திலிருந்து கும்பிட்டதோடு விட்டிருப்பார்.

அவன் சொல்லச் சொல்ல ஸ்நேகா போனில் சொன்னாள். கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில் பீரோ மேல் இருக்கும். டாக்டரம்மா கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியில் அதைத் தொட்டு, நுனியைத் துடைக்கவேண்டும். அழுத்தக்கூடாது. குழந்தைக்குக் கண்மை கலைந்தால் எப்படித் துடைப்போம், அப்படி. கடைசி வரி அவன் சொல்லவில்லை, அவளே சேர்த்தது. கிறிஸ்டினா துடைத்தாள். டாக்டரம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, அம்பாள் தப்பாக நினைக்கமாட்டாள், சும்மா துடை, என்று தைரியம் சொல்வது பஸ் வரை கேட்டது.

பஸ் ஒரு முழம் நகர்ந்தது. நின்றது. ஷ்யாம்சுந்தரின் கால் இன்னும் கீழ்ப்படியில்தான் இருந்தது.

"பச்சை," என்றாள் ஸ்நேகா. கொஞ்சம் கழித்து, "ரெண்டாவதும் பச்சை."

திட்டக்குடிப் படம் வந்தது. டாக்டரம்மா போனை வைக்காமலே பார்த்தார். கழுத்தெலும்பு ஒழுங்காக இருக்கிறது, சுளுக்குத்தான், எழுந்து உட்காரச் சொல் என்று கிறிஸ்டினாவிடம் சொல்வது கேட்டது. விஷயம் தெரியாமலே முன்சீட்டுப் பெரியவர் நல்ல சகுனம் என்றார்.

ஷ்யாம்சுந்தர் காலை உள்ளே எடுத்தான். சீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். ஸ்நேகா தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அவன் அதையே பார்த்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, மூடியைத் திருகி, அவன் பையிலேயே திரும்ப வைத்தாள்.

பாலத்தைத் தாண்டும்போது ஸ்ம்ருதி தூங்கிவிட்டாள். அவனுக்கு எவ்வளவோ தோன்றப்போகிறது என்று நினைத்திருந்தான், ஒன்றும் தோன்றவில்லை. வண்டலூர் பக்கம் மறுபடி போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஒண்ணுமில்லப்பா," என்றார் டாக்டரம்மா. "எல்லாம் ஜோராப் போகுது. நீ இல்லாமலே போகுதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

சந்தோஷம் என்றான். நல்ல சேதி சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போனதுபோல இருந்தது. பொத்தேரி வரையில், திறந்த சிறைக்கதவுக்கு வெளியே எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாதவனாக, போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே வந்தான். கிளாம்பாக்கத்தில் பஸ் மாறியதுகூட அவனுக்குச் சரியாக நினைவில்லை.

மறுநாள் விழுப்புரத்தில் விடிந்ததிலிருந்தே தூறல். பிரணவின் பல் ஆஸ்பத்திரியில் புது நாற்காலி, பல் துளைக்கிற மெஷின், பல் பொம்மை, எல்லாவற்றுக்கும் பொட்டு. ஷ்யாம்சுந்தர் குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் தன் கையால் ஏற்றினான். தீக்குச்சி ஒவ்வொன்றும் ஒரே உரசலில் பற்றியது. ஸ்ம்ருதி அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, இது என் அப்பா, நிஜ அப்பா என்று பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இதற்குமுன் அந்த ஊரில் அவளுடைய அப்பா ஒரு போனுக்குள்தான் இருந்திருக்கிறார்.

கேசரி சாப்பிடும்போது பிரணவ் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு விஷயம். இங்க நெட் அப்பப்ப போயிடுது. உங்க ஆபீஸ்ல போட்ட மாதிரி ரெண்டு லைன் போட்டுக் குடுங்களேன்."

பந்தியே திரும்பியது. ஷ்யாம்சுந்தரின் வாயில் கேசரி. பரிமாறிக்கொண்டிருந்த ஸ்நேகாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவன் கேசரியை விழுங்கினான். அது போகவேண்டிய தூரம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"ஒண்ணு போதும்டா," என்றான். "போனா போகட்டும். பல்லுதானே. வாயைத் திறந்து வச்சிக்கிட்டுக் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். கரண்டி இறங்கியது, அவன் இலையில் இன்னொரு உருண்டை கேசரி விழுந்தது. கேட்காமலே.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனான். குழாயைத் திறந்தான். தண்ணீர் விரல்களின் மேல் ஓடிக்கொண்டிருக்க, கழுத்து தானாக நிமிர்ந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. சந்தில் ஒரு கம்பம், தனிக் கம்பம். முன்தெருவுக்கும் அதற்கும் ஒரு ஒயர்கூட ஒட்டு உறவு இல்லை. சுவரோரமாக இழுத்தால், செம்பருத்திக்குள்ளேயே மறைத்துக் கொண்டுவந்துவிடலாம். படத்தில்கூடத் தெரியாது.

கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. பின்னால் துண்டோடு ஸ்நேகா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

துண்டை வாங்கிக்கொண்டு, அந்த ஸ்கூலுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டான்.

அவளும் ஒருமுறை கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குழாயை மூடினாள்.

"இன்னும் சொல்லல. முதல்ல நீங்க இந்தப் பக்கம் திரும்புங்க."

அவன் திரும்பினான்.

"வரலைன்னு இப்பச் சொல்றேன்," என்று அவள் போனை எடுத்தாள்.